டைட்டானியம் விபூதி

தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் அப்போது நான் நுரையீரல் செல்களைக் கொன்றுகொண்டிருந்தேன். வேலையே அதுதான். மனித நுரையீரலிலிருந்து வந்த செல்களைச் சிறு தட்டுகளில் வளர்ப்போம். தட்டு நிறைய வளர்ந்ததும் நானோ பொடி கலந்த நீரை அவற்றின் மேல் விடுவோம். மறுநாள் எத்தனை செத்தன, எத்தனை பிழைத்தன என்று எண்ணுவோம். எங்கள் பொடியின் பெயர் டைட்டானியம் டை ஆக்சைடு. பெயின்ட், பற்பசை, முகப்பவுடர் என்று வெள்ளை வேண்டிய இடத்திலெல்லாம் இருக்கிற சரக்கு. எங்களிடம் இருந்தது அதிலும் மிக நுண்ணியது. ஒரு தலைமுடியின் தடிமனை நாலாயிரம் கூறு போட்டால் வரும் ஒரு கூறு அளவுதான் அதன் ஒரு துகள். அவ்வளவு சிறியது மூச்சோடு உள்ளே போனால் எதுவரை போகும், போன இடத்தில் என்ன செய்யும் என்பது யாருக்கும் முழுக்கத் தெரியாது. புற்றுநோய் வரலாம் என்ற சந்தேகப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. சந்தேகம் தீரவில்லை. தீர்ப்பதற்காக எனக்கு உதவித்தொகை கொடுத்தார்கள்.

அந்த டப்பாவைத் திறக்கும் நாளில் என்னைப் பார்த்தால் என் மகளுக்கே அடையாளம் தெரியாது. தலைக்குத் தொப்பி, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்கைக் கவ்விப் பிடிக்கும் மாஸ்க், கைக்கு இரண்டு ஜோடி உறை. கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டுத்தான் எடை போட வேண்டும். மின்விசிறி சுற்றக் கூடாது. தரையில் சிந்தினால் துடைப்பத்தைத் தொடக் கூடாது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியைப் பைக்குள் பை போட்டுக் கட்டி, சீட்டு ஒட்டி, கழிவுப் பிரிவில் ஒப்படைக்க வேண்டும். இந்த விதிகளைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியவள் நான்தான்.

அதே நான்தான் ஒரு வெள்ளிக்கிழமை மாலை இருபது கிராம் பொடியைச் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

காரணம் இருந்தது. திங்கட்கிழமை காலை திருச்சியில் ஒரு ஆய்வுக்கூடத்தில் மைக்ராஸ்கோப்புக்கு எங்களுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த நேரம் கிடைக்கவே நாலு மாதம் ஆகியிருந்தது. அங்குள்ள குழு ஒன்று எங்கள் பொடியில் இருபது கிராம் கேட்டிருந்தது. கூரியர்காரர் பொடி என்றதும் வாங்க மறுத்துவிட்டார். எங்கள் வீடு நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். திங்கட்கிழமை விடிகாலை ரயிலைப் பிடித்தால்தான் திருச்சிக்கு நேரத்துக்குப் போக முடியும். கல்லூரியோ ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். ஆகவே பொடியை இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மூடி திருகிய ஒரு டப்பாவுக்குள் வைத்தேன். டப்பாவின் மேல் மஞ்சள் முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட எச்சரிக்கைச் சீட்டை ஒட்டினேன். கீழே ஆங்கிலத்தில் மூன்று வரி. இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும் என்றுதான் நினைத்தேன்.

வீட்டில் அப்போது நாங்கள் நாலு பேர். மாமனார், மாமியார், நான், நாலு வயது மகள். கணவர் வளைகுடாவில். மகளுக்கு எட்டாத இடமாக வைக்க வேண்டும் என்பதே என் ஒரே யோசனை. அலமாரியை நாற்காலி போட்டுத் திறந்துவிடுவாள். பரணில் எலி. வீட்டிலேயே உயரமான, சுத்தமான, யாரும் விளையாட்டாகக் கை வைக்காத இடம் சாமி மாடத்தின் மேல்தட்டு. அங்கே வைத்தேன். வைக்கும்போது பாதுகாப்பாக ஒரு காரியம் செய்துவிட்டதாக எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

எனக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அந்த வாரம்தான் திருப்பனந்தாளில் இருக்கும் மாமியாரின் தம்பி, நல்ல விபூதி கிடைத்திருக்கிறது, யார் மூலமாவது கொடுத்தனுப்புகிறேன் என்று மாமாவுக்குப் போன் செய்திருந்தார்.

சனிக்கிழமை காலை நானும் அத்தையும் ரேஷன் கடைக்குப் போனோம். அத்தையின் கைரேகையை மெஷின் மூன்று தடவை மறுத்து நாலாவது தடவை ஏற்றுக்கொண்டது. திரும்பி வரும்போது மணி பத்திருக்கும். மாமா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் மூன்று பட்டை. கழுத்தில், மார்பில், இரண்டு தோளில், முழங்கையில், மணிக்கட்டில், எல்லா இடத்திலும் மூன்று மூன்று பட்டை. அவர் தினமும் பூசுவதுதான். ஆனால் அன்றைக்கு அந்தப் பட்டைகள் வெள்ளையாக இருந்த வெள்ளையை நான் உலகத்தில் ஒரே ஒரு டப்பாவுக்குள்தான் பார்த்திருக்கிறேன். சாம்பலில் எப்போதும் கொஞ்சம் பழுப்பு இருக்கும். இது லேசாக நீலம் பாய்ந்த வெள்ளை.

நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். மாமா பேப்பரை மடித்தார்.

"வெங்காயம் காய வைக்க மறந்துட்டேன்னு நிக்கிறியாம்மா? நான் வச்சிட்டேன்."

"மாமா, விபூதி எங்கேருந்து எடுத்தீங்க?"

"மாடத்துல மேல இருந்துச்சே. உங்க அத்தை தம்பி குடுத்தனுப்பினது. நல்ல சரக்கும்மா. மாவு மாதிரி இருக்கு. வேர்வையில கூட எறங்கல பாரு."

டப்பாவின் சீட்டைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்தாராம். மஞ்சளில் ஒரு கோபுரம், அதற்குள் ஒரு வேல், கோயில் முத்திரை என்று நினைத்தாராம்.

வாயில் போட்டுக்கொண்டாரா என்று கேட்டேன். விபூதியை வாயில் போடாமல் யாராவது இருப்பார்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். எவ்வளவு என்றேன். ஒரு சிட்டிகை என்று விரலைக் காட்டினார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் சிட்டிகை என்ற அளவே கிடையாது. நான் அந்த விரல்களின் இடைவெளியை மில்லிகிராமாக மாற்ற முயன்றுகொண்டிருந்தபோது மகள் உள்ளறையிலிருந்து ஓடி வந்தாள். அவள் நெற்றியிலும் மூன்று பட்டை. மாமா பழக்கப்படி அவள் கண்ணை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பூசி, மிச்சத்தை ஊதிவிட்டிருக்கிறார்.

ஊதிவிட்டிருக்கிறார். தோலில் பூசினால் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை, வயிற்றுக்குள் போவதும் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும் என்று படித்திருக்கிறேன். பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுக்கு. அது காற்றில் பறந்து மூச்சில் போவதற்கு. தரையில் உட்கார்ந்து மகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்துத் தும்மினாள். எனக்கு உயிர் போய் வந்தது. அதற்குள் அத்தை அடுப்பங்கரைக்குப் போய் மிளகாய் தாளிக்க ஆரம்பித்திருந்தார் என்பது அடுத்த நிமிஷம் எனக்கே தும்மல் வந்தபோதுதான் தெரிந்தது.

மின்விசிறியை நிறுத்தினேன். அத்தைக்கும் மாமாவுக்கும் மாஸ்க் கொடுத்தேன். இது விபூதி இல்லை, கல்லூரிக் கெமிக்கல் என்று சொன்னேன். விஷமா என்று அத்தை கேட்டார். விஷம் என்று சொல்ல முடியாது என்றேன். அப்படியானால் விஷம் இல்லையே என்றார். அப்படியும் சொல்ல முடியாது என்றேன். அஞ்சு வருஷமாக அதைத்தானே படிக்கிறாய் என்றார் அத்தை. அவர் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

மாமாவைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய் ஈரத்துணியால் ஒவ்வொரு பட்டையாக ஒற்றி எடுத்தேன். மருமகள் மாமனாரின் மார்பைத் துடைப்பது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். அவர் கண்ணை மூடிக்கொண்டு எதிர்ப்பக்கம் திரும்பி நின்றார். நடுவில் கணவரின் வீடியோ அழைப்பு வந்தது. அத்தை போனை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். கணவர், அப்பா ஏன் டியூப்லைட் மாதிரி இருக்கார் என்று கேட்டார்.

டப்பாவைத் திறந்து பார்த்தபோது பாதிக்கு மேல் காணவில்லை. நானோ பொடி பஞ்சு போல இருக்கும். இருபது கிராமே ஒரு சொம்பை நிறைக்கும். இவர் உடம்பு முழுக்கப் பூசினாலும் அவ்வளவு குறையாது. மீதி எங்கே என்று கேட்டேன். மாமா தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

"நல்ல விபூதியாச்சேன்னு குருக்கள்கிட்ட ஒரு கிண்ணம் குடுத்தேன். இன்னிக்குச் சனிப் பிரதோஷம்ல."

எங்கள் தெருக்கோடியில் ஒரு சிறிய சிவன் கோயில் உண்டு. காலை பூஜை முடிந்து நடை சாத்தியிருந்தது. குருக்கள் பக்கத்து ஊர், சாவி அவரிடம். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வருவார். அதுவரை நான் வீட்டை ஈரத்துணியால் மூன்று தடவை துடைத்தேன். நாலு மணிக்கு முன்பே மாஸ்க், கையுறை, ஒரு வாளி, துணிகள், இரண்டு தண்ணீர் கேன் சகிதம் கோயில் வாசலில் நின்றேன்.

குருக்கள் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். காலையில் பூஜைக்கு வந்த பதினோரு பேருக்கு அந்த விபூதியைக் கொடுத்தது உண்மைதான் என்றார். எல்லாரும் வாங்கிப் பூசி, வாயில் போட்டுக்கொண்டு, கையில் ஒட்டியதைத் தூணில் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்று சொன்னார்.

"சுவாமிக்கும் காப்பு சாத்திட்டேனே. இத்தனை வருஷத்துல இப்படி ஒட்டினதே இல்லை. அவரையும் கணக்குல சேக்கணுமோ?"

கருவறை இருட்டில், சரவிளக்கின் வெளிச்சத்தில் லிங்கம் மட்டும் தனியாக வெளிறித் தெரிந்தது.

எனக்கு அதைக் கழுவுவதை விடக் கழுவிய தண்ணீரைப் பற்றித்தான் கவலை. அபிஷேக நீர் கோமுகி வழியாக வெளியே வந்து, கோயிலின் பின்னால் வாய்க்காலில் சேர்ந்து, நேராக வயலுக்குப் போகும். நானோ கழிவை நீர்நிலையில் விடக் கூடாது என்று என் சுவரொட்டியில் ஏழாவது விதி. முதலில் தண்ணீர் மட்டும் விட்டுக் கழுவுங்கள், அதை நான் கேனில் பிடித்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். வெறும் தண்ணீர் விட்டுச் சுவாமியைக் கழுவ முடியாது, அது வீட்டுத் தரையில்லை என்று அவர் சொன்னார். கொஞ்சம் பால், கொஞ்சம் தயிர், கொஞ்சம் சந்தனம் சேர்த்துச் சின்னதாக ஒரு அபிஷேகம் செய்யலாம், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு வேறு வழி இல்லை. அவருக்கும் மாஸ்க் கொடுத்தேன். உலர்ந்த துணியால் தட்டக் கூடாது, ஒற்றித்தான் எடுக்க வேண்டும் என்று வாசற்படிக்கு வெளியே நின்று நான் சொல்லச் சொல்ல, அவர் உள்ளே மந்திரம் சொல்லிக்கொண்டே ஒற்றி எடுத்தார். பிறகு நான் பின்பக்கம் ஓடிப் போய்க் கோமுகியின் அடியில் கேனைப் பிடித்தேன்.

அந்த நேரத்தில்தான் பிரதோஷத்துக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. முன்னால் குருக்கள் மாஸ்க்கோடு. பின்னால் நான் மாஸ்க்கோடும் கையுறையோடும் கழிவுநீரைப் பிடித்துக்கொண்டு. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நாலைந்து பேர் திரும்பி வீட்டுக்குப் போனார்கள். போனவர்கள் பழைய மாஸ்க்கைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அதைப் பார்த்து மற்றவர்கள் போனார்கள். மாஸ்க் கிடைக்காதவர்கள் துண்டையும் புடவைத் தலைப்பையும் மூக்கில் கட்டினார்கள். தீபாராதனையின்போது கோயிலில் ஒரு மூக்குகூட வெளியே தெரியவில்லை. ஒவ்வொருவரும் ஒரு கை இடைவெளி விட்டு நின்றார்கள். சீனாவிலிருந்து மறுபடியும் வந்துவிட்டது என்று பின்வரிசையில் ஒருவர் தாழ்ந்த குரலில் சொன்னார். இந்தத் தடவை நீடாமங்கலம் வழியாக வந்திருக்கிறது என்றார் இன்னொருவர்.

மாமாதான் அந்தப் பயத்தைப் போக்கினார். நோயெல்லாம் ஒன்றும் இல்லை, எங்கள் மருமகள் காலேஜில் கண்டுபிடித்த விபூதி அது, விலை அதிகம், அதனால்தான் ஒரு சொட்டு விடாமல் திரும்பப் பிடிக்கிறாள் என்று நந்தி பக்கத்தில் நின்று எல்லாருக்கும் விளக்கினார். நான் பின்பக்கத்திலிருந்து வருவதற்குள் அது ஊர் முழுக்கப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பதினோரு பேர் வீட்டுக்கும் போனேன். எவ்வளவு பூசினீர்கள், எவ்வளவு வாயில் போட்டீர்கள், ஊதினீர்களா, அதற்குப் பிறகு இருமல், மூச்சடைப்பு உண்டா என்று கேட்டு எழுதினேன். இருமல் ஒருவருக்கும் இல்லை. ஆனால் உடம்பைப் பற்றி ஒருவர் அக்கறையாகக் கேட்டு எழுதுகிறார் என்றதும் எல்லாருக்கும் சொல்வதற்கு நிறைய இருந்தது. ஒருவர் சர்க்கரையைப் பற்றிச் சொன்னார். ஒருவர் மருமகனைப் பற்றிச் சொன்னார். நடவு வேலைக்குப் போகும் ஒரு அம்மா, ஆறு வருஷமாக இருந்த முழங்கால் வலி நேற்று மத்தியானத்திலிருந்து இல்லை என்றார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று சொன்னேன். நீதானே கண்டுபிடித்தாய், உனக்கே நம்பிக்கை இல்லையா என்று கேட்டார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரு சிட்டிகை கிடைக்குமா, இடது முழங்கால் பாக்கி இருக்கிறது என்றார்.

அன்று மாலை திருப்பனந்தாளிலிருந்து நிஜ விபூதி வந்து சேர்ந்தது. மாமா பிரித்து இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். மண்ணு மாதிரி இருக்கு என்று ஓரமாக வைத்துவிட்டார்.

திருச்சிப் பயணம் போனது போனதுதான். திங்கட்கிழமை நான் இரண்டு கேன்களையும் துணிப்பைகளையும் எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் ரயிலில் ஏறினேன். கேனில் வெள்ளையாக ஏதோ இருப்பதையும் அதில் வில்வ இலை மிதப்பதையும் பார்த்த எதிர் இருக்கைப் பெரியவர் எந்தக் கோயில் என்று கேட்டார். யோசிக்காமல் சொல்லிவிட்டேன். சனிப் பிரதோஷத் தீர்த்தமா, கொஞ்சம் கொடுங்கள் என்று கையை ஏந்தினார். கொடுக்க முடியாது என்றேன். பக்கத்திலிருந்த அம்மாளும் கை நீட்டினார். இது ஆகாது, கெட்டுப்போனது என்று சொல்லிப் பார்த்தேன். தீர்த்தம் கெடுமா என்று பெட்டியில் ஒரு விவாதம் கிளம்பியது. கடைசியில் அந்தப் பெரியவர், கொடுக்க மனசு வேணும் என்று சொல்லிவிட்டு, கேனின் வெளிப்பக்கத்து ஈரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் நோட்டை எடுத்துப் பன்னிரண்டு என்று எழுதலாமா என்று யோசித்து, எழுதவில்லை.

கல்லூரிக்குப் போய்ச் சேரும்போது இரண்டு கேனும் உப்பிப் பந்து போல ஆகியிருந்தன. கழிவுப் பிரிவில் இருந்த அலுவலர் படிவத்தை நீட்டினார். பொருள் என்ற இடத்தில் தண்ணீர், பால், தயிர், சந்தனம், டைட்டானியம் டை ஆக்சைடு என்று எழுதினேன். எந்தச் செய்முறையில் உண்டான கழிவு என்ற இடத்தில் அபிஷேகம் என்று எழுதினேன். அவர் படித்துவிட்டுக் கேன்களைப் பார்த்தார். ஒரு கேனிலிருந்து மெல்லிய சீட்டி ஒலி வந்தது. அவர் எழுந்து பின்னால் போனார். போனவர் ஆபத்து மணியை அடித்துவிட்டார்.

கட்டடத்தைக் காலி செய்து எல்லாரும் மைதானத்தில் நின்றோம். நானோ துகள் ஏதோ வினை புரிகிறது என்று வேதியியல்காரர்கள் சொன்னார்கள். உடம்பு முழுக்க மூடிய உடையில் ஒருவர் கேன்களை வெளியே கொண்டுவந்து வேப்பமரத்தடியில் வைத்து, நீளமான கம்பியால் மூடியைத் தளர்த்தினார். புஸ்ஸென்று நுரை கிளம்பி வழிந்தது. அதன் வாசனை மைதானம் முழுக்கப் பரவியபோது, புளித்த தயிர் என்று கேன்டீன்காரர்தான் முதலில் சொன்னார்.

எங்கள் பேராசிரியர் நல்லவர். என்னைத் திட்டவில்லை. அறைக்கதவைச் சாத்திவிட்டு முதலில் பொடி எவ்வளவு மிச்சம் என்று கேட்டார். பிறகு என் நோட்டை வாங்கிப் பார்த்தார். பதினோரு பேரின் பூசிய அளவு, விழுங்கிய அளவு, நேரம் எல்லாம் வரிசையாக இருந்ததைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மனிதர்கள் மேல் இந்தத் தகவல் எங்கேயும் கிடைக்காது என்றார். ரத்தம் எடுக்க ஒத்துக்கொள்வார்களா என்றார். உடனே அவரே தலையை ஆட்டிக்கொண்டார். ஆய்வு நெறிக் குழு விடாது. பொடியைக் கொடுப்பதற்கு முன்பே சம்மதம் வாங்கியிருக்க வேண்டும்.

"முன்னாடியே கேட்டிருக்கணும்மா."

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா டப்பாவை வீட்டுக்கே கொண்டுபோயிருக்க மாட்டேன் சார்."

அவர் நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். என்னை இரண்டு மாதம் ஆய்வுக்கூடத்துக்குள் விடவில்லை. அது நியாயம்தான்.

வெளியே இருந்த அந்த இரண்டு மாதத்தில் எனக்கு வேலையே மாமாவின் மூச்சைக் கவனிப்பதுதான். படியேறி வந்தால் நின்று ஒரு தடவை மூச்சு வாங்குவார். காலையில் எழுந்ததும் ஒரு இருமல் இருமுவார். இதெல்லாம் முன்பும் இருந்ததா, அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அஞ்சு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அந்த இருமலை நான் கேட்டதாகவே ஞாபகம் இல்லை. அத்தையைக் கேட்டால், கல்யாணமான நாளிலிருந்து இருக்கு, அவர் எழுந்துட்டார்னு அதை வச்சுத்தான் தெரியும் என்றார். எனக்கு ஆறுதல் வரவில்லை. பிடிவாதமாக அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போய் மார்பு எக்ஸ்ரே எடுத்தேன். படத்தின் மேல்பக்கம் இரண்டு நுரையீரலிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிந்தன.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தபோது நான் அழ ஆரம்பித்துவிட்டேன். நான்தான் சார் என்று சொல்லி, டப்பா, சாமி மாடம், குருக்கள் என்று முழுக் கதையையும் சொன்னேன். டாக்டர் இடையில் குறுக்கிடவே இல்லை. முடித்ததும் மாமாவைப் பார்த்து, முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார்.

"வெவசாயங்க. குத்தகை நெலம்."

"அதுக்கு முன்னாடி?"

மாமா கொஞ்சம் யோசித்தார். அதற்கு முன்பு புழுங்கல் அரிசி மில்லில் உமி அடுப்பில் பதினாலு வருஷம் இருந்ததாகச் சொன்னார். உமியை அள்ளிப் போடுவதும் சாம்பலை வாரி வண்டியில் ஏற்றுவதும் அவர் வேலை. சாம்பல் வாரும்போது எதிரே நிற்கும் ஆள் தெரியாதாம். முகத்தில் என்ன கட்டுவீர்கள் என்று டாக்டர் கேட்டார். துண்டு கட்டினால் மூச்சு முட்டும் என்று கட்டுவதில்லையாம். வேலை முடிந்ததும் மில் ஆட்களுக்கு வெல்லம் கொடுப்பார்களாம்; வெல்லம் தூசியை இறக்கிவிடும் என்று நம்பிக்கை.

இது இரண்டு மாதத்தில் வருவதில்லை, பழைய தழும்பு, உங்கள் பொடி காரணமில்லை என்று டாக்டர் என்னிடம் சொன்னார். உமிச் சாம்பலில் நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிக்கா இருக்கிறது என்பது எனக்குப் பாடமாகவே தெரியும். எங்கள் கூடத்திலேயே இரண்டு மேசை தள்ளி ஒருவர் உமிச் சாம்பலிலிருந்துதான் நானோ சிலிக்கா செய்துகொண்டிருந்தார். அதைத் தொட அவர் மூன்று உறை போடுவார். மாமா மில்லில் இருந்தது எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. இதுவரை ஏன் சொல்லவில்லை என்று மாமாவிடம் கேட்டேன். அதை என்னத்தச் சொல்றது, அப்ப எல்லாரும் மில்லுலதானே இருந்தோம் என்றார்.

அவருக்கு மூச்சில் உறிஞ்சும் இன்ஹேலர் மருந்து கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஊதிப் பார்க்கும் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். ஒரு குழாயை வாயில் வைத்து ஒரே மூச்சில் ஊத வேண்டும். ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும் என்று ஊக்கப்படுத்திக்கொண்டே அங்கிருக்கும் பெண் கத்துவாள். திரையில் ஒரு எண் வரும். மாமாவுக்கு இது பிடித்துப்போய்விட்டது. இரண்டாவது தடவை எண் கொஞ்சம் கூடியதும் பரிசு வாங்கியவர் போல வந்தார். ஊரில் டீக்கடையில் அந்த எண்ணைச் சொன்னார். வயலில் சொன்னார். கணவருக்குப் போன் செய்து சொன்னார்.

மூன்றாவது தடவை கிளம்பும்போது பஸ் நிறுத்தத்தில் அவரோடு இன்னும் மூன்று பேர் நின்றார்கள். எல்லாரும் அதே மில்லில் அதே அடுப்பில் நின்றவர்கள். மாமாதான் கூப்பிட்டிருந்தார். வேட்டி, சட்டை, தோளில் துண்டு என்று கல்யாணத்துக்குப் போகிறவர்கள் போலத் தயாராக இருந்தார்கள். ஊதுவதற்கு முன்பு சாப்பிடலாமா கூடாதா என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்கள். யார் அதிகம் ஊதுவது என்று பந்தயமும் கட்டியிருந்தார்கள். தோற்றவர் எல்லாருக்கும் காபி வாங்கித் தர வேண்டும்.

முதலில் இரண்டு பேர் ஊதினார்கள். மாமாவின் போன தடவை எண்ணுக்குக் கொஞ்சம் கீழே. அடுத்து மாமா ஊதினார். கடைசியாக ஊதியவர் நால்வரிலும் உயரமானவர். அந்தக் காலத்தில் இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்குவாராம். அவர் குழாயை வாயில் வைத்ததும் அந்தப் பெண் வழக்கம் போல ஊதுங்க, ஊதுங்க என்றாள். அவர் ஊதினார். திரையில் கோடு எழுந்து உடனே படுத்தது. மறுபடியும் ஊதச் சொன்னாள். மூன்றாவது தடவை அவள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டாள். பிறகு போதும் ஐயா என்று சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

அவரை மட்டும் உள்ளே உட்கார வைத்து வெகுநேரம் பார்த்தார்கள். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, மருந்துகள், அடுத்த வாரமே திரும்ப வர வேண்டும் என்று சீட்டு. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் சிரமமாகியிருக்கும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். வந்த வரைக்கும் நல்லது என்றார்.

கீழே வந்து எல்லாரும் காபி குடித்தோம். மாமாவே வாங்கிக் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் உயரமானவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மாமா அவர் பக்கத்தில். பஸ் அம்மாபேட்டையைத் தாண்டியது. வெளியே சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. பிறகு அவர் மாமாவிடம், எனக்கு எவ்வளவு வந்துச்சுன்னு அந்தப் பொண்ணு சொல்லவே இல்லியே, உனக்கு எவ்வளவு என்று கேட்டார்.

அன்று காலை வரை தன் எண்ணை வழியில் கண்டவருக்கெல்லாம் சொன்ன மாமா, டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நான் எங்க பாத்தேன். நாலு பேருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்னு சொன்னா."